இரண்டு மடக்குப் புகை

தெருமுனையில் நின்று உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்த்தான் நேசக்குமார். வாசம் போகவில்லை. போகிற மாதிரியும் தெரியவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் வேலை அவனுக்கு. கப்பலில் நீட்டுகிற பாட்டிலையெல்லாம் இத்தனை வருஷமும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தவன். இன்றைக்கு வந்த ஸ்காட்லாந்து கேப்டனுக்கு இதுதான் கடைசிப் பயணம். சதுப்பு மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தி வடித்த விஸ்கியாம். ஊரில் கொஞ்சமே கொஞ்சம் பாட்டில்தான் போட்டார்களாம். சேர்ந்து குடிக்க ஒரு ஆளில்லாமல் அந்த மனுஷன் கிளாஸை நீட்டியபடியே நின்றார். பாவம், மறுக்க மனசு வரவில்லை.

முதல் மடக்கில் டிங்சரும் எரிந்த கயிறும் உப்புக்காற்றும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. இதையா காசு கொடுத்துக் குடிக்கிறார்கள் என்று நினைத்தான். இரண்டாவது மடக்கு பிடித்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

பெண் கேட்டுப் போன அன்றே மாமனார் எஸ்றா அவனை வேதப்புத்தகத்தின் மேல் கைவைக்கச் சொல்லியிருந்தார். வருகிற கப்பல்களைத் துறைமுகத்துக்குள் ஓட்டிவரும் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். நாசரேத் சபையில் மதுவிலக்குச் சங்கத் தலைவர்.

"முப்பது வருஷம் கப்பல் ஏறியிருக்கேன், ஒரு சொட்டு தொட்டதில்ல. ஒம்ம மேல வாசம் வந்துச்சின்னா எம்மவ மறுநாளே நாசரேத்துல இருப்பா."

மனைவி ஜெபசுதா இல்லாத வீட்டை நேசக்குமாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பொன்னுதுரை அண்ணாச்சி கடையில் கிராம்பு வாங்கி மென்றான். டிங்சரோடு கிராம்பும் சேர்ந்து, பல் பிடுங்கிய வாய் மாதிரி ஆகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி சிரிக்கவில்லை, யோசித்தார். கடற்கரையில் பழைய கயிறெல்லாம் போட்டு எரிக்கிறார்கள், அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் வாசத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்றார்.

போய் நின்றான். சட்டையெல்லாம் கரி. கண் இரண்டும் சிவந்துவிட்டது. இருமி இருமிக் கால் தள்ளாடியது. இரண்டு மடக்கு குடித்தவன் இரண்டு பாட்டில் குடித்தவனாக வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த மாமனாரும் மாமியாரும் அப்படியே மகளையும் பார்க்க வந்திருந்தார்கள்.

அவன் கோலத்தைப் பார்த்து ஜெபசுதாவின் முகம் செத்துவிட்டது. கயிறு எரிந்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். எஸ்றா எழுந்து கிட்டே வந்து மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார், கண்ணை மூடி, நிதானமாக.

நேசக்குமாருக்கு அழுகை வந்துவிட்டது. போனால் போகட்டும், இவளிடம் பொய் சொல்லிக் குடித்தனம் நடத்த முடியாது என்று முடிவு செய்தான்.

"மாமா, நான் இன்னைக்கு..."

"கயிறுதான் மாப்பிள. கயிறு எரிஞ்ச வாசம்தான்," என்றார் எஸ்றா அவசரமாக.

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த மாமியார் ஞானபாய் வாசற்படியிலேயே நின்றார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஏங்க, ராத்திரி நீங்க குடிக்கிற நெஞ்சு மருந்த மாப்பிளைக்கும் குடுத்தியளா?"