மாப்பிள்ளை வைத்த சர்வர்

"மாப்பிள்ளை, சேவ் ஆக மாட்டேங்குதே" என்றார் பெரிய மைத்துனர்.

குரலில் மரியாதை குறையவில்லை. அந்தக் குடும்பத்தில் தலை போகிற காரியமானாலும் வீட்டு மாப்பிள்ளையிடம் 'நீங்க, வாங்க'தான். ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டே ஒரு மனிதனை எங்கே குத்தினால் வலிக்கும் என்பது பெரிய மைத்துனருக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன காட்டுது மச்சான்?"

"இடம் இல்லைன்னு காட்டுது. போன வாரம்தானே வெச்சீங்க? இனிமே இடத்தைப் பத்திப் பேச்சே வராதுன்னு யாரோ சொன்னதா ஞாபகம்."

மாப்பிள்ளை எட்டித் திரையைப் பார்த்தார். இடம் இல்லைதான்.

கீழே அலுவலகம், மேலே வீடு. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது குடும்பத் தொழில். மாமனார் தொடங்கியது. இரண்டு மைத்துனர்களும் வரைவார்கள். எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு கம்பி என்று மாப்பிள்ளை கணக்குப் போடுவார். போன வாரம் வரை அவரவர் படம் அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தது. அதனால் வந்த வினைதான், ஒரே வீட்டுக்கு அண்ணன் ஒரு படமும் தம்பி ஒரு படமும் கொடுக்க, இருவர் மனமும் நோகாமல் கொத்தனார் சமையலறைக்குள் குளியலறையைக் கட்டி வைத்தது.

எல்லாப் படமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஒரு சர்வர் வைக்க வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. பெரிய மைத்துனர் ஒரு கம்பெனியைக் கூப்பிடலாம் என்றார்.

"வீட்டுக்குள்ள மாப்பிள்ளை இருக்கறப்ப வெளி ஆள் எதுக்கு? அவர் செய்வார்" என்றார் மாமனார். அதுவும் உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் சொன்னார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது குடும்பத்தின் வார்த்தை. அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட வழக்கமே அவரிடம் கிடையாது.

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. படித்தார், கேட்டார், நாலு டிஸ்க் வாங்கினார், ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிக் காக்கும் புதிய வகைக் கோப்பு முறை ஒன்றை அதில் நிறுவினார். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் விளக்கவும் செய்தார்.

"எதை எழுதினாலும் ரெண்டு டிஸ்க்ல எழுதும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல இருக்கும். அது போக, அப்பப்ப ஸ்னாப்ஷாட்னு ஒண்ணு எடுக்கும். அந்த நிமிஷம் எந்த ஃபைல் எப்படி இருந்துச்சோ, அப்படியே ஞாபகம் வெச்சுக்கும். தெரியாம அழிச்சாலும் திரும்ப எடுத்துடலாம்."

"சாதத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க அத்தான்" என்றார் சின்ன மைத்துனர்.

மாமனார் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு உத்தரவு போட்டார்: "இனிமே எவனும் தனக்குன்னு தனியா நகல் வெச்சுக்கக் கூடாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சர்வர்."

அந்த ஒரே சர்வர்தான் ஒரு வாரத்தில் மூச்சு முட்டி நிற்கிறது. அதுவும் எந்த நாளில்? புது மருத்துவமனைக்குப் படம் கேட்டிருந்த டாக்டர் சாயங்காலம் வருகிறார். அண்ணனும் தம்பியும் மாதக்கணக்கில் கண் பூத்துப் போய் வரைந்த படம். சர்வர் நேற்றே நத்தையாய் ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு, பெரிய மைத்துனர் காலையில் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்: "இன்னைக்கு ஏதாவது சொதப்பினா, நாளைக்கே பெட்டியைக் கழற்றி வெச்சுட்டுக் கம்பெனிக்காரனைக் கூப்பிடறோம். மாப்பிள்ளை தப்பா எடுத்துக்கக் கூடாது."

மாமனார் அதைக் கேட்டுக்கொண்டே செய்தித்தாளைப் புரட்டினார். அதுதான் மாப்பிள்ளைக்கு அதிகமாக வலித்தது.

"எல்லாரும் வேண்டாததை அழிச்சுடுங்க" என்று மாப்பிள்ளை அறிவித்தார். "இடம் தானா வந்துடும்."

அழித்தார்கள். அண்ணன் பழைய படங்களை அழித்தார். தம்பி தான் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் ஆட்டங்களைக் கண்ணில் நீர் முட்ட அழித்தார்.

"எவ்வளவு வந்துச்சு அத்தான்?"

மாப்பிள்ளை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணும் வரலை."

"என்னது? மொத்தத்தையும் அழிச்சேனே! உலகக் கோப்பையே போச்சே!"

"அழிச்சும் இடம் வராத பெட்டியை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் பெரிய மைத்துனர். "விசேஷமான பெட்டிதான் மாப்பிள்ளை."

சரி, அழித்தால்தான் வரவில்லை, சுருக்கிப் பார்ப்போம் என்று மாப்பிள்ளை பழைய படங்களையெல்லாம் அமுக்கிச் சின்னதாக்கும் வேலையைத் தொடங்கினார். பாதியில் சர்வர் நின்றது. மிச்சம் மீதி இருந்த இடமும் போயிருந்தது.

"சுருக்கினா பெருக்குது" என்றார் சின்னவர், ஒரு மாதிரி பயத்தோடு.

மூன்றாவதாக மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆளுக்கு இவ்வளவுதான் இடம் என்று வரம்பு கட்டிவிட்டால் யார் அதிகம் அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா? கட்டினார். நியாயமான மனிதர், ஆகவே அண்ணனுக்கும் தம்பிக்கும் சம அளவு. அண்ணன் ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டியிருந்ததால் அவருடைய கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போனது. தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு? எனக்கும் உனக்கும் ஒரே அளவா? நான் இந்த ஆபீஸுக்கு வந்தப்ப நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சே!"

"அதுக்கு? அப்பாவுக்கு நான் பிள்ளை இல்லையா?"

"வேலையில முக்கால்வாசி நான் பார்க்கறேன், எனக்கு முக்கால் வேணும்!"

"பாதிக்கு ஒரு அணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்!"

சத்தம் கேட்டு மாமனார் உள்ளே வந்தார். கஞ்சி போட்ட புதுச் சட்டை. முதுகு நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"என்ன சத்தம்?"

"மாப்பிள்ளை எங்களுக்குப் பாகம் பிரிச்சுக் கொடுத்திருக்கார்ப்பா" என்றார் பெரியவர்.

மாமனாரின் மீசை ஒரு தடவை துடித்தது. "நான் உயிரோட இருக்கறப்ப இந்த வீட்டுல பாகமா? எடுங்க மாப்பிள்ளை அந்த வேலியை."

மாப்பிள்ளை வேலியை எடுத்தார். மாமனார் தன் அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு ஊருக்கு வேலையாகப் போயிருந்த மனைவியிடமிருந்து அந்த நேரம் பார்த்து போன் வந்தது. "அண்ணன் மெசேஜ் போட்டிருக்கான். என் மானம் உங்க கையிலதாங்க இருக்கு." வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்தார். மின்விசிறிகள் இரைந்தன. பச்சை விளக்குகள் ஒன்றுமே நடக்காதது போலக் கண் சிமிட்டின. இந்த இடத்தை யார் தின்கிறார்கள்? ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே போனார். போய்ப் போய்க் கடைசியில் திருடனைப் பிடித்தும் விட்டார். திருடன் வேறு யாருமில்லை, அவரே வேலைக்கு வைத்த காவல்காரன்.

ஸ்னாப்ஷாட்!

மணிக்கு ஒன்று போதும் என்றுதான் படித்திருந்தார். மாமனார் வீட்டுச் சொத்தாயிற்றே, ஒரு துரும்பும் தவறக் கூடாதே என்று நிமிஷத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்லியிருந்தார். எதையும் தூக்கிப் போடாதே என்றும் சொல்லியிருந்தார். சர்வர் சொன்னதைத் தட்டவில்லை. அண்ணனும் தம்பியும் முதல் நாள் பழைய படங்களின் முழுக் குவியலை ஆளுக்கு ஒரு தடவை ஏற்றியதையும், அந்த இரண்டில் ஒரு குவியலை அழித்ததையும், இன்று அழித்த குப்பையையும், உலகக் கோப்பையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழித்ததெல்லாம் கண்ணுக்குத்தான் மறைந்தது, டிஸ்க்கை விட்டுப் போகவில்லை. சுருக்கியபோது பழையதும் இருந்தது, சுருங்கியதும் சேர்ந்துகொண்டது.

"அட, மடையா!" என்று தன்னையே செல்லமாகத் திட்டிக்கொண்டார். இனி என்ன? அத்தனை ஸ்னாப்ஷாட்டையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டால் சர்வர் புதுப் பெட்டியாகிவிடும். அதற்கான கட்டளையை அடித்தார். விரல் எண்டர் பொத்தான்மேல் போய் நின்றது.

"அத்தான்!" சின்ன மைத்துனரின் அலறல். "ஆஸ்பத்திரி ஃபோல்டரைக் காணோம்!"

விரல் தீப்பட்டது போல மேலே எழும்பியது. மாப்பிள்ளை கட்டளையை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு வெளியே ஓடினார்.

மருத்துவமனைப் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தரைத்தளம் இல்லை, அறுவை அறை இல்லை, ஒரு தூண்கூட இல்லை.

"சுருக்கறேன் சுருக்கறேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, சுருங்கிச் சுருங்கி மறைஞ்சே போச்சா?" பெரியவரின் மரியாதை முதல்முறையாக ஆட்டம் கண்டது. பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "இல்லை, நீ கண்ணை மூடிக்கிட்டு அழிச்சியா?"

"நான் என் குப்பையைத்தான் அழிச்சேன். நீதான் பழசு பழசுன்னு வாரிப் போட்டே!"

மாமனார் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

"யாரும் யாரையும் பழி சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை இருக்கார்."

"அப்பா, வேற நகலே இல்லைப்பா! வெச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

"மாப்பிள்ளை இருக்கார்னு சொன்னேன்."

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் உள்ளே வந்தார். வெளுத்த தலை, வேகமான நடை, எதையும் நம்பாத கண்கள். ஏதாவது சாக்குச் சொல்லி நாளைக்கு வரச் சொல்லலாம் என்று அண்ணனும் தம்பியும் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"வாங்க டாக்டர், உட்காருங்க. ஒரு சின்ன விஷயம். உங்க படம் மொத்தமும் அழிஞ்சு போச்சு."

பெரிய மைத்துனர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அழிஞ்சு போச்சா?" என்றார் டாக்டர்.

"ஆமா. இப்ப எங்க வீட்டு மாப்பிள்ளை அதை உங்க கண்ணு முன்னால திரும்பக் கொண்டு வருவார். மாப்பிள்ளை, பெரிய திரையில போடுங்க. டாக்டரும் பார்க்கட்டும்."

மாப்பிள்ளைக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அப்படி ஒரு நம்பிக்கையோடு ஒருவர் பின்னால் நிற்கும்போது ஓடவும் முடியவில்லை. உட்கார்ந்தார். முதலில் நிமிஷத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பதை நிறுத்தினார். பிறகு போன வாரத்து ஸ்னாப்ஷாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து நீக்கினார். திரையில் இடம் மளமளவென்று விரிந்தது.

"வருது! இடம் வருது!" என்று சின்னவர் குதித்தார்.

"இது இன்னைக்கு மத்தியானத்து ஸ்னாப்ஷாட்" என்றார் மாப்பிள்ளை. குரல் இப்போது உறுதியாக இருந்தது. "இதுலயும் இல்லை. அதுக்கு முன்னால... இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால போவோம்..."

சின்னவர் திரைக்கு இன்னும் ஒரு முழம் நெருங்கி வந்தார்.

"இதோ."

தரைத்தளம் வந்தது. அறுவை அறை வந்தது. தூண்கள் வரிசையாக எழுந்து நின்றன. கடைசிப் படிக்கட்டுக்கு நேற்றுச் சின்னவர் போட்ட கைப்பிடி வரைக்கும் ஒரு கோடு குறையாமல் அத்தனையும் வந்து சேர்ந்தன.

டாக்டர் எழுந்து திரையின் அருகில் போனார். வெகு நேரம் நின்று பார்த்தார்.

"எங்க பழைய கட்டடத்துப் படத்தை வரைஞ்சவர் தொலைச்சுட்டார்" என்றார். "சாக்கடைக் குழாய் எங்கே போகுதுன்னு தெரியாம மூணு தடவை தரையை உடைச்சோம். மூணாவது தடவை நோயாளி கட்டிலுக்கு அடியிலேயே. அழகாப் படம் போட ஆயிரம் பேர் இருக்காங்க. போட்டதைத் தொலைக்காத ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்." மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தக் கட்டடம் மட்டுமில்லை. இனிமே எங்க எல்லாக் கட்டடத்துப் படமும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கார் கிளம்பிய பிறகு பெரிய மைத்துனர் தன் நாற்காலியைத் தானே இழுத்து வந்து மாப்பிள்ளைக்குப் போட்டார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. கம்பெனிக்காரனைக் கூப்பிடறதாச் சொன்னது... அதை மறந்துடுங்க." இந்த முறை அந்த மரியாதையில் குத்து எதுவும் இல்லை.

"அத்தான், அப்படியே அந்த உலகக் கோப்பையையும்..." என்று தலையைச் சொறிந்தார் சின்னவர்.

"அதுவும் இருக்கு மச்சான். இன்னைக்கு அழிச்சது எதுவும் எங்கேயும் போகலை."

மாப்பிள்ளை மனைவிக்கு போன் போட்டார். "உன் மானம் பத்திரம்" என்றார்.

மாமனார் அறையின் குறுக்கே இரண்டு நடை நடந்தார். ஏற்கெனவே நிமிர்ந்த முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்திருந்தது. மகன்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒரு துளியாவது பதறினேனா? பார்த்தீங்களாடா? வார்த்தை கொடுத்தா அதுமேல நம்பிக்கையும் வைக்கணும். அதுதான் நம்ம குடும்பம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்த மாமியார், கணவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். அறையோ அமைதியாக இருந்தது:

"ஏங்க, 'மாப்பிள்ளைக்குப் பேர் கிடைக்கட்டும், அந்த ஆஸ்பத்திரிப் படத்தை நானே அழிச்சுடப் போறேன், பென் டிரைவ்ல ஒரு நகல் சட்டைப் பையில பத்திரமா இருக்கு'ன்னு காலையில சொன்னீங்களே, நீங்க கழற்றிப் போட்ட அந்தச் சட்டையை நான் அப்பவே சோப்புத் தண்ணியில ஊறவெச்சுத் துவைச்சுட்டேன், பரவாயில்லையா?"