நெஸ்டர் அத்தானுக்குக் கொண்டுவந்த குப்பி

சாஸ்கட்டூன், மார்ச் 9

அன்புள்ள ஸ்டெஃபா அக்காவுக்கு,

தம்பி ஓரெஸ்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் ஏதோ இருக்கிறேன். அங்கே நீயும் நெஸ்டர் அத்தானும் அவருடைய இரண்டு நுரையீரல்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறாய். நான் சொல்வதை சர்ச் அடுக்களையில் பிரோகிக் கொழுக்கட்டை மடிக்கிற ஏழு பேரும் கேட்டு, சாயங்காலத்துக்குள் கனோரா ஊர் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். இது உனக்கு மட்டும். கையைத் துடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து படி.

நான் கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்தவன் இல்லை அக்கா. முப்பத்தோரு வருஷமாக ஒரு ஆய்வகத்தில் பெப்டைடு கோர்க்கிறவன். அமினோ அமிலங்களை மெஷினில் மணி மணியாகக் கோர்த்து, கழுவி, உலர்த்தி, குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைப்பேன். கண்டுபிடிப்பதெல்லாம் எங்கள் தலைவி டாக்டர் ஹாகன். ஆனால் அந்தக் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து உங்கள் ஊரிலிருந்து முப்பத்து மூன்று பேர் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். பாடகர் குழுவுக்கு மொத்தமாகக் கிடைக்குமா என்று ஃபாதர் கேட்டார். உன் எதிர்வீட்டு ஓல்கா அம்மா என்னை முக்கால் மணி நேரம் விடவில்லை.

"பெப்டைடுன்னா என் பேரன் ஜிம்முல ஊசி போட்டுக்கறானே, அதுவாப்பா? முகச்சுருக்கம் போகுமா?"

"அது வேற, இது வேறம்மா. இன்னும் ஹாம்ஸ்டர் எலிக்குத்தான் குடுக்கறோம்."

"ஹாம்ஸ்டருக்குச் சுருக்கம் போச்சா?"

எனக்கு அறுபத்து நாலு வயது. களைத்துவிட்டேன்.

ஜனவரியில் நீ அழுதுகொண்டே பேசியபோது சொன்னதையே மறுபடி சொல்கிறேன். வைரஸ் நம் செல்லுக்குள் நுழையும்போது, ஜாக்கெட் ஜிப்பை இழுப்பது போல இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பெப்டைடு அந்த ஜிப்பில் சிக்கிக்கொள்கிற சட்டைத்துணி. ஜிப் பாதியில் நின்றுவிடும். வைரஸ் வாசலிலேயே தவிக்கும். சோதனைக் குழாயில் இது பிரமாதமாக நடக்கிறது. ஹாம்ஸ்டர் மூக்கில் முன்கூட்டியே விட்டால் சில மணி நேரம் நடக்கிறது. மனிதன் மூக்கில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இதை நான் விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தானியப் புழுதி தின்ன நுரையீரல்டா அவருக்கு. அதுக்குச் சாப்பிடற மாத்திரையால தடுப்பூசியும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. உங்க ஹாம்ஸ்டருக்கு இருக்கற மதிப்பு என் புருஷனுக்கு இல்லையா?" என்றாய்.

இரண்டு தடவை முடியாது என்றேன். மூன்றாவது தடவை திருடினேன். ஆமாம் அக்கா, அந்தச் சொல்தான் சரி. சாண்ட்விச் டப்பாவுக்கு அடியில் ஒரு குப்பி. அது உருகக் கூடாதே என்று மூன்றரை மணி நேரமும் ஹீட்டர் போடாமல் ஓட்டினேன்; வெளியே மைனஸ் முப்பத்து நாலு. வழியில் விண்யார்ட் ஊரில் காப்பி வாங்கியதுகூடக் குடிப்பதற்கு இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்ள. வாசலில் என்னைப் பார்த்த அத்தான், "என்ன மச்சான், வண்டியில ஹீட்டர் செத்துப்போச்சா, இல்ல நீயா?" என்றார். இடது காலில் இரண்டு விரல்களுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ அந்தக் குப்பியை நற்கருணை அப்பம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாயே, அப்போது என் கால்விரலைப் பற்றி எப்படிப் பேசுவது?

அப்புறம் உங்கள் ஊரில் அந்தக் கல்யாணம். நீ விடியற்காலையிலேயே மண்டபத்து அடுக்களைக்குப் போய்விட்டாய். இருநூற்று எண்பது பேர் வந்தார்கள். ஐம்பத்தொரு பேர் கொரோனாவில் படுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை, பெண், அக்கார்டியன்காரர் யாரும் தப்பவில்லை. அத்தானுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உடனே நீ வெற்றிக்கொடி ஏற்றிவிட்டாய். இப்போது அவர் தினமும் காபிக் கடைக்குப் போகிறாராம், பனித்தரையில் கல் தள்ளுகிற கர்லிங் ஆட்டம் பார்க்கப் போகிறாராம், மாஸ்க்கை நீயே துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாயாம்.

இங்கே என்ன ஆயிற்று தெரியுமா? கணக்கில் ஒரு குப்பி குறைகிறது என்று தெரிந்ததும் டாக்டர் ஹாகன் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். தேடும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? முப்பத்தோரு வருஷம் அப்பழுக்கில்லாத மனிதனிடம். அதாவது என்னிடம். ஒன்பது நாள், அக்கா! நான் திருடிய குப்பியை நானே தேடினேன். மைனஸ் எண்பது ஃப்ரீசருக்குள் தலையை விட்டு, தட்டுத் தட்டாக இறக்கி, ஒவ்வொரு லேபிளையும் படித்து, கடைசியில் "கிடைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு டாக்டர் ஹாகன் தன் வீட்டில் சுட்ட சாஸ்கட்டூன்பெர்ரி மஃபின் ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து, "பரவால்ல ஓரெஸ்ட், நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்றார். போலீஸ் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மஃபினைத் தாங்க முடியவில்லை. வாயில் வைத்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதல் கேள்வி, "உங்க அத்தானுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை."

"எந்தத் தட்டுலேர்ந்து எடுத்தீங்க?"

"மூணாவது தட்டு. நீல மூடி."

"நீல மூடியா?" என்று கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ ஓரெஸ்ட். அது கலைச்சுப் போட்டதுல்ல?"

இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். நிஜப் பெப்டைடுக்கு ஜோடியாக ஒரு போலியும் கோர்ப்போம். அதே முப்பத்தாறு மணிகள்தான், வரிசை மட்டும் தாறுமாறு. பாதி ஹாம்ஸ்டருக்கு அதைக் கொடுத்தால்தான் நிஜம் வேலை செய்கிறதா என்று தெரியும். இலையுதிர்காலத்தில் மூடிகளின் நிறத்தை மாற்றினார்கள். லேபிளில் வெறும் எண்தான் இருக்கும்; பதற்றத்தில் நிறம் மாறியது என் நினைவுக்கு வரவில்லை. உன் புருஷன் மூக்கில் போனது எழுத்தைக் கலைத்துப் போட்ட ஜெபம். அது எந்தக் கதவையும் சாத்தாது. அவர் தப்பியது வெறும் அதிர்ஷ்டம். அதை நம்பி நீ அவரை ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

என் ஃப்ரீசர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினேழாம் தேதி விசாரணை. ஜூனில் ஓய்வு பெறும்போது கேக் வெட்டுவார்களா என்று தெரியாது. செய்தது தப்பு, வாங்கிக்கொள்கிறேன். நீ எனக்காக ஒன்றே ஒன்று செய். அத்தானை வீட்டில் உட்கார வை, மாஸ்க்கை எடுத்துக் கொடு, அந்த முப்பத்து மூன்று பேரிடமும் மருந்து இல்லை என்று சொல். நிஜ மருந்து மனிதர்களுக்கு என்று ஒரு நாள் வந்தால் வாசல் வழியாக, டாக்டர் கையெழுத்தோடு, நானே கொண்டுவந்து தருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கைக்கும் முழங்காலுக்கும் ஆண்டவர் பலம் கொடுக்கட்டும். என்மேல் கோபம் வந்தால் ஈஸ்டர் வரைக்கும் வைத்துக்கொள்; அதற்குமேல் வைத்திருக்க ஃபாதர் விடமாட்டார்.

உன் தம்பி,
ஓரெஸ்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் மனம் கேட்காமல் அத்தானின் செல்போனுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார், பிறகு வெகுநேரம் இருமினார்.

"மச்சான், நான் மண்டபத்துக்குள்ள போகவே இல்ல. அஞ்சு மணி நேரமும் வண்டியிலதான் இருந்தேன்."

"மருந்து?"

"ஃப்ரீசர்ல பட்டாணிக்குப் பின்னாடி அப்படியே கெடக்கு. திருட்டு முழியோட கொண்டாந்து நீட்டுன. அதை எவன் மூக்குல விடுவான்?"

"தினம் காபிக் கடைக்குப் போறீங்களாமே?"

"வாசல் வரைக்கும். வண்டிக் கண்ணாடிய இறக்கிவிட்டுப் பேசுவோம். கர்லிங்கும் ரேடியோலதான்."

"பின்ன ஏன் அக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"ரெண்டு வருஷமா என்னைக் காவல் காத்துக்கிட்டு அவளும் எங்கயும் போகல. நான் பத்திரமா இருக்கேன்னு நெனச்சதாலதான் இப்ப மறுபடி சர்ச் அடுக்களைக்குப் போறா. அவகிட்ட சொல்லிடாத மச்சான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஒருமுறை திருடிவிட்டேன், ஒன்பது நாள் பொய் சொல்லிவிட்டேன். இன்னொரு ரகசியத்தைச் சுமக்க என்னிடம் தெம்பு இல்லை. அவரைத் திட்டாதே அக்கா. கடைவாசலில் அவருடைய வண்டி நிற்கும். இரண்டு காபி வாங்கிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் தட்டு.