கூட்டினால் ஐம்பத்து நான்கு

யாழினி, கதிர், உங்கள் அப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறீர்களாம். நிறுத்திக்கொள்ளுங்கள். தாத்தா இறந்த அன்று நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

தாத்தாவின் ஆதார் எண் பன்னிரண்டு இலக்கமும் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் கூட்டினால் 54 வரும். ஆகவே அந்தப் பெரிய எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். (பத்தாவது வரை படித்ததில் எனக்கு உருப்படியாக ஏறியது இந்த ஒரு விதிதான்.) "எம் பையன் பாக்காமயே சொல்லுவான்" என்று தாத்தா இண்டூர் டீக்கடையில் பீற்றிக்கொள்வார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் காலையில் அவர் போய்விட்டார். உங்கள் அத்தை போனில், "அண்ணா, கார்டு வூட்டுலதான் இருக்குது. குடுத்து அனுப்பட்டுங்களா?" என்றாள்.

"வேணாம், நம்பரு மண்டையில இருக்குது" என்றேன்.

பொழுது சாய்ந்துவிட்டால் எங்களில் அடக்கம் செய்யமாட்டார்கள். வீட்டில் சொந்தபந்தம் காத்திருந்தது. குழியும் வெட்டியாகிவிட்டது.

உடலை வாங்குகிற படிவத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தார். "தப்புன்னு வருதுங்க."

"தப்பாவே இருக்காதுங்க. கூட்டிப் பாருங்க, அம்பத்தி நாலு. ஒம்போதால வகுபடும்."

"வகுபட்டுப் போவட்டும். எனக்குக் கார்டு வேணுங்க."

நான் விடவில்லை. அவர் பேனாவையே வாங்கி வகுத்தும் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர், "யோவ், பொணத்த வெச்சிக்கிட்டு டியூசன் எடுக்கறியே!" என்றார். மணி மூன்று தாண்டியது. கடைசியில் அந்த அம்மா தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஏங்க, நம்பர முன்னபின்ன மாத்தி எழுதினாலும் கூட்டுனா அதேதானுங்களே வரும்?"

அத்தை கொடுத்தனுப்பிய கார்டு வந்தபின் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கம் 6381. நான் எழுதியது 6831. வித்தியாசம் 450. பாழாய்ப்போன அதுவும் ஒன்பதால் வகுபடுகிறது! (பதினொன்றால் வகுத்த மீதியை நினைவில் வைத்திருந்தால் அது மாறிக் காட்டிக்கொடுத்திருக்கும். பதினொன்றின் விதியை நடத்திய அன்று நான் பாப்பாரப்பட்டி சந்தையில் இருந்தேன்.)

இண்டூர் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. வெளியூர்க்காரர்கள் முகம் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். மறுநாள் விடியும்போதே மழை. ஊரில் எந்தச் சாவையும் தவறவிடாத மனுசனின் குழியருகே நின்றது பதினோரு பேர்.

இன்றும் நான் தக்காளி வாங்கி வந்தால்கூட அத்தை கேட்பாள்: "கூட்டிப் பாத்துட்டீங்களாண்ணா?" நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அன்று குழியை மூடிவிட்டு எல்லோரும் போனபின் நான் மட்டும் அங்கே நின்றேன். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து, பன்னிரண்டையும் அவருக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னேன். பார்த்துத்தான் சொன்னேன்.