கன்மேன் வீட்டுத் துப்பாக்கி

“ப்பா, இதைத் தூக்கவே முடியலப்பா.”

“சும்மா தூக்கிட முடிஞ்சா அதுக்குப் பேரு துப்பாக்கியா?” என்றார் அய்யாவு.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அய்யாவு பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டார். எதிரே நிற்பது யார்? இருபது வருஷமாக ஒரு பேங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷர். அவர் குடியிருக்கிற ஜீவனஹள்ளியில் கூரியர் பையன்கூட ‘கன்மேன் அய்யாவு வீடு எது?’ என்று கேட்டுத்தான் வருவான். அவர் மகள் பார்கவி பி.யு.சி. படிக்கிறாள், காலேஜ் ஷூட்டிங் டீமில் சேர்ந்திருக்கிறாள். முதல் ஏர் ரைஃபிள் வாங்க அவள் வேறு யாரைக் கூட்டிக்கொண்டு வருவாள்?

கோச் சுதீர் என்னவோ, “ஆரம்பத்துக்கு கிளப் ரைஃபிளே போதும். சுடறப்போ போட்டுக்க, உடம்போட ஒட்டின மாதிரி ஒரு ஜாக்கெட் மட்டும் வாங்குங்க” என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். கன்மேன் மகள் இரவல் துப்பாக்கியில் சுடுவதா? நல்லாயிருக்கே கதை. கடையில் இருந்ததிலேயே கனமானதை எடுத்தார். ஜாக்கெட்டை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தார்.

“தொளதொளன்னு இருக்குப்பா.”

“வளர்ற புள்ள. அடுத்த வருஷம் கரெக்டா இருக்கும்.”

உள்ளதைச் சொல்லிவிடலாம். அய்யாவு இதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கியதுதான் பேங்க் துப்பாக்கி பார்த்த ஒரே வேலை. ஊருக்குத் தெரிந்தால் போகட்டும். மகளுக்குத் தெரிந்துவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வீட்டில் துப்பாக்கியின் கனம் தாங்காமல் பார்கவியின் கை கீழே இறங்கியது. அய்யாவு அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய், பேங்க் துப்பாக்கிக்கு இருக்கிற மாதிரியே தோல் வார் போட்டு வந்தார். ஜாக்கெட்டுக்குள் காற்று ஓடியது. உள்ளே இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிட்டார். மாசமோ ஏப்ரல். ஞாயிற்றுக்கிழமை சுடும் பயிற்சி நடக்கிற ரேஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வியர்வையில் குளித்துவிட்டாள்.

சுதீர் வாரைத் தொட்டுப் பார்த்தார். “சார், நின்னுக்கிட்டுச் சுடறப்போ பெல்ட் கூடாது.”

வாரை அறுத்தார்கள். அறுத்த வேகத்தில் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு கீறல் விழுந்தது. அய்யாவு அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே மகளிடம் நீட்டினார். பார்கவி குறி பார்த்தாள்.

“ப்பா, ஒண்ணுமே தெரியல. எல்லாம் மஞ்சளா இருக்கு.”

சுதீர் குனிந்தார். கண்ணை வைத்துப் பார்க்கிற குட்டித் துளை நிறையச் சந்தனம். மேலே குங்குமம் வேறு.

“யாரு சார் இங்க போய்…”

“காலையில பூஜை போட்டேன். வட்டமா, லட்சணமா இருந்துதா… பொட்டு வைக்கத்தான் அங்க எடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்.”

அய்யாவு அவசரமாக ஒரு தீக்குச்சியால் குத்தினார். குச்சி உள்ளேயே முறிந்தது. ஊக்கை விட்டு நெம்பினார். முறிந்த குச்சி இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

“விடுங்க சார், கிளப் ரைஃபிள் இருக்கு” என்றார் சுதீர். “மொத குண்டு நீங்களே சுட்டுக் காட்டுங்க. பசங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்.”

அய்யாவு இரண்டு அடி பின்வாங்கினார். “பேங்க் ரூல்ஸ் ஒத்துக்காது சார்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே சார்?”

மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். “போப்பா” என்று பார்கவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவள் முகத்தில் அத்தனை பெருமை. அதைப் பார்த்த பிறகு அவரால் எப்படித் திரும்பி வர முடியும்?

துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பயங்கரமாக உதைக்கும் என்று பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினார். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். உதையும் இல்லை, புகையும் இல்லை.

இலக்கு அட்டைகளைக் கழற்றி மாட்டுகிற லட்சுமம்மா அட்டையை எடுத்து வந்தார். நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தைக் குண்டு தொடவே இல்லை. ஒரு மூலையில், அட்டை முடிகிற இடத்தில், ஒரு பொட்டு ஓட்டை. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாவு காது மடல் வரை சிவந்து நின்றார். பார்கவி மட்டும் கை வலிக்கக் கை வலிக்கத் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் அவர் லட்சுமம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். “பேங்க் துப்பாக்கி வேற மாதிரிம்மா. இதுல கை பழகல. இப்படித் திடீர்னு டெமோ குடுன்னா யாரால முடியும்? வர்ற அப்பா எல்லாரையும் இப்படித்தான் மாட்டிவிடுவீங்களா?”

“ஐயோ, இங்க யாருக்கும் டெமோ கிமோ இல்லண்ணா” என்று லட்சுமம்மா அட்டையை அவர் கையில் கொடுத்தார். “உங்க பொண்ணுதான் சேர்ந்த நாள்லேர்ந்து சார் பின்னாடியே சுத்துது, ‘எங்கப்பா இருபது வருஷமா துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கிறாரு, ஒரு தடவகூடச் சுட்டதில்ல, ஒரே ஒரு குண்டு குடுங்க சார்’னு.”