மாப்பிள்ளையின் போனுக்கு வரும் ஆறு எண்கள்

வாடிப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டியராஜன் அவர்களுக்கு,

மாமனார் காசிமாயன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் உரிமை விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை எனக்கு உண்டென்று நம்பி விசாரிக்கிறேன். இரண்டு வீட்டாரும் போனில் பேசிக்கொள்ளக் கூடாது என்று வக்கீல்கள் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் போடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சத்யப்ரியாவுக்குப் பரவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேரவேண்டும். அதற்குள் அவள் பெயரில் தனியாக ஒரு பேங்க் கணக்கு இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்கிறார்கள். போனிலேயே தொடங்கிவிடலாம் என்று உட்கார்ந்தால், ஆதாருக்கு ஓடிபி வரும் என்றது, வந்தது, உங்கள் போனுக்கு. அதை நீங்கள் ஒழுங்காக உங்கள் வக்கீலிடம் சொல்லி, அவர் எங்கள் வக்கீலிடம் சொல்லி, அவர் கோர்ட்டு முடிந்து சாயங்காலம் எங்களிடம் சொன்னபோது, பத்து நிமிஷ ஓடிபிக்கு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாம் முறை உங்கள் வக்கீல், தன் கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் என்று மேலே எழுதி, ஆறு எண்களையும் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிய உங்கள் அத்தை, ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்து, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு அழகருக்கு வேண்டிக்கொண்டாள். நான்கு நாள் கழித்துத்தான் சொன்னாள். நேரிலேயே போவோம் என்று நானும் சத்யாவும் பேங்குக்குப் போனால், அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "நம்பர் உங்க ஹஸ்பண்டோடது மேடம், ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றாள். "அவரோட டைவர்ஸ் கேஸ் நடக்குதும்மா" என்று நான் சொன்னேன். "பரவால்ல சார், ஓடிபி மட்டும் கேளுங்க" என்கிறாள். பின்னால் வரிசையில் நின்ற அம்புட்டுப் பேரும் எங்களையே பார்த்தார்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை மாப்பிள்ளை. கல்யாணம் முடிந்த மறுவாரமே அவளைக் கூட்டிப்போய் ஆதார், பேங்க், கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றிலும் உங்கள் நம்பரைப் போடவைத்தவன் நான்தான். "எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கேப்பா" என்றாள். "தனி நம்பர் எதுக்குத்தா, அதான் மாப்ள இருக்காருல்ல" என்றேன். கட்டில் பீரோவோடு சேர்த்து அதையும் ஒரு சீர் என்றுதான் நினைத்தேன். டியூஷன் எடுத்து இரண்டு வருஷமாக அவள் சேர்த்துவைத்திருந்த கணக்கைக்கூட நானே மூடவைத்து, அந்தப் பணத்தைப் பந்தல்காரருக்குக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்கமாட்டேனென்கிறது.

ஆகையால் வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் போனைக் கையில் வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சத்யா கூப்பிடுவாள். ஆறு எண்களை மட்டும் சொன்னால் போதும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிடாதீர்கள். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிஷம் பத்தாது.

உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் கேட்டதாகச் சொல்லவும். யாரோடு இருந்தாலும், தனியாக இருந்தாலும், நீங்களும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் சில மாதங்களுக்கு உங்கள் மாமனார்,
காசிமாயன்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது சத்யா வந்து வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். பத்து நாளைக்கு முன்பே ஆதார் சென்டரில் கைரேகை வைத்துத் தன் சொந்த நம்பரை ஏற்றிவிட்டாளாம். நேற்றுக் கணக்கும் தொடங்கி, எண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாயிற்றாம். "ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "சொன்னா, மாப்ளைட்டக் கேட்டுட்டுச் செய்யின்னுவீகப்பா" என்கிறாள். சொல்லியிருப்பேன்தான். ஆகையால் மேலே கேட்ட எதுவும் வேண்டாம். இருந்தாலும் திங்கட்கிழமை பத்தரைக்குப் போன் கையில் இருக்கட்டும். என் பென்ஷன் கணக்கும் உங்கள் நம்பரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஓடிபி வருமாம். சத்யாதான் என்னைக் கூட்டிப்போகிறாள். "ஒன் நம்பரையே போட்ருவோமாத்தா?" என்று கேட்டேன். "வேணாம்ப்பா, உங்க நம்பரப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.