அழும் ஆமையும் சுழலும் நாற்காலியும்

"இன்னும் நூறே நாள். நான் வேற மொழி பேசப் போறேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு லிஃப்ட் மெக்கானிக் இப்படி ஒரு சபதம் போட்டார். பற்பசை நுரை தெறித்துக் கண்ணாடியில் மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டது.

"முதல்ல வாயைக் கொப்பளிங்க. இருக்கற மொழியே இன்னும் சரியா வெளிய வரல," என்றாள் அவர் மனைவி.

மனைவி ஜன்னல் திரை தைப்பவள். கூடத்து மூலையில் தையல் மெஷின், அதன் முன்னால் ஒரு ஸ்டூல். சாய முதுகு கிடையாது, வைக்கக் கை கிடையாது, நாலு காலில் ஒன்று கட்டை. பதினோரு வருஷமாக அவள் ஒரு நாற்காலி கேட்கிறாள். பதினோரு வருஷமாக மெக்கானிக் ஒரே பதிலைச் சொல்கிறார். "சாய்ஞ்சு உக்காந்தா தூக்கம் வரும். முதுகு நிமிர்ந்து இருந்தாத்தான் வேலை சுறுசுறுப்பா நடக்கும்." இதை அவர் எப்போதும் சோஃபாவில் சாய்ந்தபடிதான் சொல்வார்.

இப்போது சபதத்துக்குக் காரணமும் ஒரு நாற்காலிதான்.

அவருடைய கம்பெனி வெளிநாட்டிலிருந்து புது லிஃப்ட்டுகளை இறக்கியிருந்தது. கூடவே தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். முழுக்க அந்த நாட்டு மொழி. எட்டு மெக்கானிக்குகளும் சேர்ந்து படத்தைப் பார்த்தே முதல் லிஃப்ட்டை மாட்டினார்கள். கீழே போ என்றால் அது மேலே போனது. மேலே போ என்றால் கீழே போனது. எங்கேயும் போக வேண்டாம் என்று விட்டால், கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டது.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "நூறு நாள் கழிச்சு அந்த ஊர் இன்ஜினியர் வர்றார். அதுக்குள்ள அந்த மொழியைக் கத்துக்கிட்டுச் சான்றிதழ் கொண்டு வர்றவங்களுக்குத் தனி ரூம். தனி ஃபேன். சுத்தற நாற்காலி."

மற்ற ஏழு பேரும் நமக்கெதுக்கு வம்பு என்று போய்விட்டார்கள். நம்மவரால் முடியவில்லை. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் குந்திக் குந்தி, எழுந்தால் முழங்கால் ரெண்டும் பட்டாணி பொரிவது போலச் சத்தம் போடுகின்றன. போன மாதம் குழியிலிருந்து ஏறி வரவே அரை மணி நேரம் ஆனது. உண்மையைச் சொன்னால் அவருக்குப் பதவி ஆசையெல்லாம் இல்லை. உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

"பக்கத்துத் தெருவுல ஒரு வாத்தியார் சொல்லித் தர்றாராமே, போய்ச் சேருங்களேன்," என்றாள் மனைவி.

"காசு குடுத்தா? எதுக்கு? நெட்ல இலவசமாக் கொட்டிக் கிடக்கும்மா!"

இலவசம் என்ற சொல்லைச் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும். கண் பரிசோதனை இலவசம் என்று ஒரு கடையில் எழுதியிருந்ததைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படித்துவிட்டு, வேகமாகப் போய் வரிசையில் நின்றவர் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போனில் வேட்டை ஆடினார். மொழி சொல்லித் தரும் ஆப் பதினொன்று. புத்தகம் நாற்பத்து மூன்று. வானொலிப் பாடம் ஒரு மூட்டை. தொண்டையைத் தொட்டுத் தொட்டு உச்சரிப்பு சொல்லித் தரும் ஒரு வழுக்கைத்தலை ஆசாமியின் வீடியோ இருநூறு. போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"இவ்வளவையும் எப்பங்க படிப்பீங்க?"

"படிக்கறது அப்புறம். முதல்ல சேத்து வைக்கணும். நாளைக்கே காசுன்னு போட்டுட்டான்னா?"

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடுன்னு ஒண்ணு இருக்கே. நீங்க படிக்கப் போறீங்களா, சொல்லித் தரப் போறீங்களா?"

"அதுவும் இலவசம்தான். கிடக்கட்டும்."

பதினோரு ஆப்பில் அவருக்குப் பிடித்தது ஆமை ஆப். சின்ன மஞ்சள் ஆமை ஒன்று வந்து தினம் ஒரு பாடம் நடத்தும். ஒருநாள்கூட விடாமல் நூறு நாள் முடித்தால் சான்றிதழ், அதுவும் இலவசம். ஒருநாள் விட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். பாடம் தாமதமானாலே ஆமை அழ ஆரம்பிக்கும். அழுகை என்றால் சும்மா அழுகை இல்லை. மூணு மாடிக்குக் கேட்கும்.

முதல் நாள் பாடம்: 'குதிரை செய்தித்தாள் படிக்கிறது.'

இரண்டாம் நாள்: 'என் அத்தை மேஜைக்கு அடியில் இருக்கிறார்.'

மூன்றாம் நாள்: 'மன்னிக்கவும், இந்தத் தொப்பி உங்கள் வாத்தா?'

மெக்கானிக் மூன்றையும் மனப்பாடம் செய்து, வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

"லிஃப்ட்டுல குதிரை எதுக்குங்க ஏறுது?"

"உனக்குப் புரியாது. இது அடிப்படை."

நாலாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் சோஃபாவில் விழுந்தார். முழங்கால் பொரிந்து அடங்கியது. சரியாக அப்போது ஆமை அழ ஆரம்பித்தது.

"என்னங்க, உங்க ஆமை கூப்பிடுது."

"கொஞ்சம் நீ தட்டி விடேன்."

"எனக்கென்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். நாலு பதில் இருக்கும். ஏதாவது ஒண்ணை அமுக்கு. தப்புன்னு சொன்னா இன்னொண்ணை அமுக்கு."

"எனக்கு ஒரு தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு."

"பாத்திரத்தை நான் கழுவறேன். நீ அமுக்கு!"

கழுவும்போதுதான் அவருக்கு அந்த யோசனை பளிச்சிட்டது. அட! பாத்திரம் கழுவ மூளையே வேண்டாமே. பாடத்தை இவள் பார்த்துக்கொள்ளட்டும், சான்றிதழ் நமக்கு வரட்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, போனைக் கையில் வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவர் ஒரு கரண்டியை ஏழு நிமிஷம் தேய்த்தார், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் முதல் அதுவே ஏற்பாடு ஆகிவிட்டது. ஆனால் பாடம் வளர்ந்தது.

"இருபதாம் பாடம் பெருசா இருக்குங்க. துணியையும் மடிச்சு வச்சிடுங்க."

"சரி."

"நாப்பதாம் பாடத்துல பரீட்சை வருது. ஒரு வாரம் சமையலையும் பாத்துக்குங்க."

"சமையலா?"

"வேண்டாம்னா விட்டுடலாம். ஆமை அழும், அவ்வளவுதானே?"

"இரு இரு! சமைக்கறேன்."

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. அறுபதாம் பாடத்தில், தைத்த திரைகளைத் தோளில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுக்கும் வேலையும் அவரிடம் வந்தது. சோப்பில் ஊறி விரல் பத்தும் சுருங்கிப்போயின. அப்போதும் லிஃப்ட் குழிக்குள் நின்று கூட்டாளியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

"படிக்கறது அவ, சான்றிதழ் எனக்கு. எப்படி?"

"அண்ணே, உங்க சட்டையில முட்டை ஒட்டியிருக்கு."

"அது காலையில சமைச்சது. நீ விஷயத்தைக் கேளு."

எழுபத்தைந்தாம் நாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி காதில் இயர்போனோடு திரை தைத்துக்கொண்டே யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை.

"யாரும்மா அது?"

"அந்த ஊர்ல ஒரு பேக்கரிக்காரம்மா. நான் அவங்களுக்கு நம்ம மொழி சொல்லித் தர்றேன், அவங்க எனக்கு அவங்க மொழி சொல்லித் தர்றாங்க. நீங்க சேத்து வச்ச ஆப்புல இதுவும் ஒண்ணு. இலவசம்தான்."

"இதுக்கும் ஆமை மார்க் போடுதா?"

"போடுது."

"அப்ப பேசு, பேசு. நல்லாப் பேசு," என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் நறுக்கப் போனார்.

நூறாம் நாள் சான்றிதழ் வந்தது. தங்க நிற விளிம்பு, மூலையில் சிரிக்கும் ஆமை, நடுவில் அந்த மொழியில் நெளிநெளியாக எழுத்து. மெக்கானிக் அதைக் கலரில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார். வெகுநேரம் எதிரே நின்றார்.

"என் பேரு அந்த எழுத்துல எவ்வளவு அழகா இருக்கு பாரு. கொடி சுத்தின மாதிரி."

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங்க. அழகான பேருதான்."

மறுநாள் காலை அவளே சட்டத்தைக் கழற்றி, மிச்சமிருந்த திரைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "பத்திரம். இன்ஜினியர் கையிலயே குடுத்துடுங்க."

மேனேஜர் அறையில் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, உயரம், மூக்கு நுனியில் கண்ணாடி. ஓரத்தில் அந்த நாற்காலி. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மெக்கானிக் முதலில் நாற்காலிக்கு வணக்கம் சொன்னார், அப்புறம்தான் மனுஷர்களுக்கு.

இன்ஜினியர் சான்றிதழைப் படித்தார். முகம் மலர்ந்தது. எழுந்து நின்று மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நீளமாக ஏதோ கேட்டார்.

மெக்கானிக்குக்குப் போனை எடுக்கக்கூடக் கை வரவில்லை. அந்த மொழியில் தெரிந்ததைச் சொன்னார்.

"குதிரை செய்தித்தாள் படிக்கிறது."

இன்ஜினியர் மேஜையில் இருந்த செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு மறுபடி ஏதோ கேட்டார், இந்தத் தடவை மெதுவாக.

"என் அத்தை மேஜைக்கு அடியில் இருக்கிறார்."

இன்ஜினியர் ரொம்ப மரியாதைக்காரர். உடனே குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அவர் குனிந்ததால் மேனேஜரும் குனிந்தார்.

"யாரைய்யா தேடறாரு?"

"எங்க அத்தையை, சார்."

இன்ஜினியர் நிமிர்ந்தார். கைவசம் ஒன்றுதான் மிச்சம். மெக்கானிக் அதையும் விட்டுவிட்டார். "மன்னிக்கவும், இந்தத் தொப்பி உங்கள் வாத்தா?"

இன்ஜினியர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தொப்பி இல்லை. வாத்தும் இல்லை. பெருமூச்சு விட்டுத் தன் போனை எடுத்து அதனிடம் பேசினார். அது மொழிபெயர்த்து ஒரு தட்டையான குரலில் சொன்னது:

"சான்றிதழில் பெயர் உள்ள பெண்மணி எங்கே?"

"பெண்மணியா?" என்றார் மேனேஜர்.

"பெண்மணியா?" என்றார் மெக்கானிக். அவர் குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

அதற்குள் வரவேற்புக்காரி கதவைத் திறந்தாள். "சார், ஒரு அம்மா ஒன்பது மணியிலேர்ந்து காத்திருக்காங்க. நீங்களே கூப்பிடுவீங்கன்னு சொன்னாங்க. இன்னும் கூப்பிடலியே, மறந்துட்டீங்களான்னு கேக்கறாங்க."

உள்ளே வந்தது மெக்கானிக்கின் மனைவி. இன்ஜினியரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அவரும் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். இருபது நிமிஷம் இப்படியே போனது. நடுவில் அவள் அந்தத் தலையணைப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரல் வைத்து மேனேஜரிடம் சொன்னாள்.

"சார், 'இந்தப் பக்கம் கீழே'ன்னு எழுதியிருக்கற பலகையை நம்ம ஆளுங்க தலைகீழா மாட்டியிருக்காங்க. அதான் லிஃப்ட் எல்லாத்தையும் மாத்திச் செய்யுது."

மேனேஜர் எட்டு மெக்கானிக்குகளில் கைக்கு எட்டிய ஒருவரை முறைத்தார்.

மெக்கானிக் மனைவியின் அருகில் போய் முணுமுணுத்தார். "உன் பேரு எப்படி வந்துச்சு?"

"அஞ்சாம் நாள் ஆமை கேட்டுச்சுங்க, பாடம் படிக்கறது யாரு, பேரைப் போடுன்னு. அழுதுக்கிட்டிருக்கற ஜீவன்கிட்டப் பொய் சொல்ல மனசு வரல."

"என்கிட்டச் சொல்லலியே!"

"சுவத்துலயே மாட்டியிருந்தீங்களே. படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

இன்ஜினியரின் போன் மறுபடி பேசியது. "இந்தப் பெண்மணி நாளை முதல் உங்கள் மெக்கானிக்குகள் எட்டு பேருக்கும் எங்கள் மொழியைக் கற்பிக்கட்டும். இவரால் கற்பிக்க முடியுமா?"

மனைவி பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு. மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாள்: "கிடக்கட்டும்னீங்க. சும்மா கிடக்கறதுக்குப் படிக்கலாமேன்னு படிச்சேன்."

மேனேஜரே தன் கையால் நாற்காலியின் உறையைப் பிரித்தார். அவள் உட்கார்ந்தாள். மெதுவாகச் சாய்ந்தாள். பதினோரு வருஷத்து முதுகு 'ஹப்பா' என்றது. நாற்காலி மட்டும் ஒரு பக்கமாக ஆடியது.

"ஸ்க்ரூ லூசா இருக்கும்போல," என்றார் மேனேஜர். "மெக்கானிக் இருக்காரே, பாக்கச் சொல்லுங்க."

மெக்கானிக் முழங்காலைப் பொரித்துக்கொண்டு கீழே குந்தினார், ஸ்க்ரூவை முடுக்கினார். அவர் அந்த நாற்காலிக்கு இவ்வளவு பக்கத்தில் போனது அது ஒரு தடவைதான்.

மறுநாள் வகுப்பு. சாப்பாட்டு டப்பா இரண்டையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்ததால் மெக்கானிக் ஐந்து நிமிஷம் தாமதம். அறையில் ஏழு நாற்காலி, ஏழு மெக்கானிக்குகள். அவர் வாசலிலேயே நின்றார்.

"நான் எங்கம்மா உக்கார்றது?"

மனைவி சுழலும் நாற்காலியில் அரை வட்டம் திரும்பி, பின்வரிசையைக் காட்டினாள். அங்கே, ஒரு கால் கட்டையாக, வீட்டு ஸ்டூல்.

"உங்களுக்குன்னு காலையிலயே ஆட்டோவுல போட்டுக் கொண்டாந்துட்டேங்க. முதுகு நிமிர்ந்து இருந்தாத்தான் பாடம் சுறுசுறுப்பா ஏறும்."