இளவரசின் ராஜ நடை

நாய் வளர்ப்பவர்கள் வேறு, நாய்க்கு அப்பாக்கள் வேறு. இரண்டு இனத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாய் வளர்ப்பவர் அதை எங்கள் கடையில் குளிக்க விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். நாயின் அப்பா போக மாட்டார்.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து வருவதே ஒரு வைபவம். நாய் முன்னால், கைப்பேசி அதற்கும் முன்னால். 'நாய்' என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கும். 'தம்பி' என்று திருத்துவார். தம்பிக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும், எந்த ஷாம்பு வாசனை பிடிக்கும், டிரையரின் இரைச்சல் தம்பியின் மனதை எப்படிப் புண்படுத்தும் என்றெல்லாம் சொல்லி, சொன்னதையே திரும்பச் சொல்லி, நடுநடுவே "தம்பிகிட்டயே கேட்டுப் பாருங்க" என்று நாயைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். அதற்குள் தம்பி எடை மேடையை நனைத்திருக்கும். அது அவர் கண்ணில் படாது. படமெடுக்க லாயக்கில்லாத எதுவும் அவர் கண்ணில் படாது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த அப்பாவுடைய பிள்ளையின் பெயர் இளவரசு. வெள்ளை வெளேரென்று பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது. முன்னங்கால்களைக் கொஞ்சமாக எடுத்து, கொஞ்சமாக வைத்து, கம்பளம் விரித்த மண்டபத்துக்குள் வருவதுபோல் வந்தது.

"ராஜ நடை," என்றார் அப்பா.

பிறவியிலேயே வந்ததாம். தெருவில் போனால் ஆட்கள் நின்று பார்ப்பார்களாம். பக்கத்து வீட்டு நாய்கூட முயற்சி செய்து பார்த்ததாம், வரவில்லையாம். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், முடியின் நீளத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

எங்கள் கடையில் முடி வெட்டுபவர் ஓர் அக்கா. இளவரசை மேசையில் ஏற்றி முதுகில் சீப்பை ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் அழுத்தினார். நின்றுவிட்டது. அக்குளில் நுழையவே இல்லை.

"வீட்ல சீவி விடுறதில்லையா சார்?"

"தினமும் சீவுறேம்மா. என் கையால."

பொய்யில்லை. படத்தில் விழுகிற மேல்முடியை மட்டும் தினமும் சீவியிருக்கிறார். அடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சிக்கெடுக்காமலே குளிப்பாட்டி, அடிவரை உலர்த்தாமலே விட்டு, மறுபடி குளிப்பாட்டி, மேலே விரலளவு பஞ்சும் கீழே உடம்பு முழுக்க மிதியடிபோல் இறுகிய சடையுமாக ஆக்கி வைத்திருந்தார். இரண்டு அக்குளின் சடையும் நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்றாகப் பின்னிக்கொண்டிருந்தது.

"காலைத் தூக்குறப்பெல்லாம் தோலை இழுக்குது சார். அதான் இப்படி நடக்குது. மொத்தமா மழிச்சாகணும்."

மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? வெட்கப்படுவான். அப்பா பேரம் பேசினார். இன்று ஒரு நாள் தம்பி பொறுத்துக்கொள்ள மாட்டானா, விருந்து முடிந்து நாளைக்குக் கூட்டிவந்தால் ஆகாதா என்று கேட்டார்.

அக்கா சடையை மெல்ல விலக்கி, உள்ளே செக்கச் சிவந்து கசிந்துகொண்டிருந்த தோலைக் காட்டினார். "தம்பிகிட்டயே கேட்டுப் பாருங்க சார்."

தம்பி காலை இழுத்துக்கொண்டு முனகியது. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நாய்க்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகத் தலையாட்டினார்.

கிளிப்பர் ஓட ஓட, முடி கிழிந்த போர்வைபோல ஒரே துண்டாகக் கழன்றது. உள்ளேயிருந்து பூனையளவில் ஒரு ரோஜா நிறப் பிராணி வெளிப்பட்டது. புண்ணை மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு, அக்கா அதைத் தரையில் இறக்கினார். இளவரசு ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு காலை வைத்தது. பிறகு ஓடியது பாருங்கள், பெஞ்சுக்கு அடியில், வாளியைத் தள்ளிக்கொண்டு, ஈரத் தரையில் சறுக்கி விழுந்து எழுந்து, கடையை வலம் வந்து வலம் வந்து ஓடியது. எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் துக்க வீட்டில் நிற்பவர்போல நின்றார்.

"நடை போச்சே. திரும்ப வருமா?"

அக்கா கிளிப்பரைத் துடைத்தபடி சொன்னார்: "வரும் சார். இதுவரைக்கும் பார்த்துக்கிட்ட மாதிரியே பார்த்துக்குங்க. தானா வந்துடும்."

அப்பாவுக்கு மனம் ஆறிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் சிரித்தது போதும். வீட்டில் நாய் இருந்தால் அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள், தோல் தட்டுப்பட வேண்டும். நாய் இல்லையா? அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாருடைய அடக்கத்தையாவது வருவோர் போவோரிடமெல்லாம் மெச்சிக்கொள்கிறீர்களா? எங்கே இழுக்கிறது என்று அவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.